படத்தில் நிற்பவர் போரையா இல்லை, அவர் தம்பி லட்சுமையா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி தென்னாட்டில் சேகரித்த சுவடிகளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாக இருந்தது, வீட்டில் இருந்தவர்களை உட்கார வைத்துப் பாதிக்கு மேல் வாய்விட்டே படித்துக் காட்டினேன். ஆனால் நடுவில் போட்டிருந்த ஓவியத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சிவப்புக் கோட்டு போட்ட மெக்கன்சியும் பக்கத்தில் ஒரே ஒருவரும் மட்டும் தெரிகிற மாதிரி படத்தை வெட்டிவிட்டு, 'கர்னல் மெக்கன்சி, உதவியாளர் போரையாவுடன்' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். வரைந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

படத்தில் இருப்பது போரையா இல்லை. காவலி வெங்கட போரையா 1803-லேயே இறந்துபோனார், முப்பது வயதைக்கூட எட்டவில்லை. இந்த ஓவியம் வரையப்பட்டது 1816-ல், அதாவது அவர் போய்ப் பதின்மூன்று வருஷம் கழித்து. படத்தில் இருப்பவர் அவருடைய தம்பி காவலி வெங்கட லட்சுமையா. மொத்தப் படத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். நடுநாயகமாக மெக்கன்சி, கையில் ஓலைச்சுவடி வைத்திருப்பவர் தர்மையா என்கிற சமணப் பண்டிதர், தொலைநோக்கியைப் பிடித்திருப்பவர் கிஸ்ணாஜி, மெக்கன்சியின் பியூன், அப்புறம் லட்சுமையா. உங்கள் பக்கத்தில் இடம் போதாமல் வெட்டப்பட்டவர்களில் அந்த ஓலைக்காரரும் ஒருவர். சுவடிகளைப் பற்றிய கட்டுரையில் சுவடியைக் கையில் வைத்திருப்பவரையே விட்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

வரைந்தவர் பெயர் தாமஸ் ஹிக்கி. இந்த ஊரில் வாழ்ந்து இந்த ஊரிலேயே 1824-ல் இறந்தவர். அவரைப் பற்றித் தமிழில் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருவல்லிக்கேணியில், இப்போது பாரதி சாலை என்கிற பைகிராஃப்ட்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், போட்டோ பார்த்துப் படம் வரைந்து தருகிற கடை வைத்திருந்தார். வீட்டில் பெரியவர்கள் யாராவது இறந்துபோனால் கையளவு போட்டோவையோ, கல்யாணத்தில் கூட்டமாக எடுத்த படத்தையோ கொண்டுவந்து, 'இதில் மூணாவதா நிக்கிறார் பாருங்க, அவரைப் பெரிசா போட்டுக் குடுங்க' என்பார்கள். அப்பா போட்டோவின் மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, அதே கணக்கில் கேன்வாஸில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவார். கண்ணைத்தான் முதலில் எழுதுவார். பத்து வயசிலிருந்து அந்தக் கடையில் பிரஷ் கழுவிக்கொண்டு வளர்ந்தவன் நான், பிறகு நானும் அதே வேலைக்குத்தான் வந்தேன், இன்றைக்கும் மாதம் ஒன்றிரண்டு படம் வருகிறது.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் பயம். 'ஜாடை விழலையே' என்பது. மூக்கு முழி எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும், ஆனாலும் வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு இது அவர் இல்லை என்பார்கள். ஒரு முறை ஒரு அம்மா இறந்துபோன வீட்டுக்காரர் படத்தை வாங்க வந்தார். பார்த்தார், நின்றார், 'எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அவர் வரலை' என்றார். அப்பா கோபப்படவில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, அவர் எப்படிப் பேசுவார், என்ன கேட்டால் என்ன சொல்வார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். 'எதைக் கேட்டாலும் உடனே சொல்லமாட்டார், உதட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு அப்புறம்தான் பேசுவார்' என்றார் அந்த அம்மா. அப்பா நுனி பிரஷை எடுத்துக் கீழ் உதட்டின் ஓரத்தில் ஒரே ஒரு நிழல் கோடு வைத்தார், அரை அங்குலம்கூட இருக்காது. அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அதிலிருந்து எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் வரைந்தவன் எங்கே அந்த ஒரு கோட்டை வைத்திருக்கிறான் என்றுதான் என் கண் தேடும்.

சரி, ஹிக்கி கதைக்கு வருகிறேன். அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் 1741-ல் பிறந்தவர், அப்பா மிட்டாய்க் கடைக்காரர். அந்த ஊர் ஓவியப் பள்ளியில் படித்து, இத்தாலிக்குப் போய்ச் சில வருஷம் இருந்து, லண்டனில் ராயல் அகாதமிப் பள்ளியிலும் சேர்ந்து படித்தார். தம்பி ஜான் சிற்பி. இவ்வளவு படித்தும் லண்டனில் பெரிய பேர் எடுக்க முடியவில்லை. அப்போது அங்கே ரெனால்ட்ஸ், கெய்ன்ஸ்பரோ போன்ற மலைகள் இருந்த காலம். கேமரா என்று ஒன்று வரவே இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது, அதனால் முகத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால் ஓவியனைத்தான் கூப்பிட வேண்டும். இந்தியாவில் கம்பெனி அதிகாரிகளும் நவாபுகளும் நன்றாகப் பணம் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே பரவியிருந்தது. அந்த வழியைத் திறந்ததே நம் சென்னைதான். 1769-ல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் இங்கே வந்து இறங்கி நவாப் முகமது அலி வாலாஜாவை வரைந்தார், அவருக்குப் பின்னால் ஜார்ஜ் வில்லிசன் வந்தார், அவரும் நவாபைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்.

ஹிக்கியும் 1780-ல் கம்பெனியிடம் அனுமதி வாங்கிக் கப்பல் ஏறினார். வழியிலேயே பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் சேர்ந்து அந்தக் கப்பல் கூட்டத்தைப் பிடித்துவிட்டன. அங்கிருந்து எப்படியோ லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இருந்த ஆட்களை வரைந்து காலத்தை ஓட்டி, 1784-ல்தான் கல்கத்தாவுக்கு வந்தார். அந்தக் கல்கத்தாவில் இன்னும் இரண்டு ஹிக்கிகள் இருந்ததால் குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை. இந்தியாவின் முதல் பத்திரிகையான பெங்கால் கெசட்டை 1780-ல் தொடங்கியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி, அவர் வேறு. வில்லியம் ஹிக்கி என்ற வக்கீல், தன் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தவர், அவரும் வேறு. அந்த வக்கீலோடு வாழ்ந்த ஜெம்தானி என்ற பெண்ணைத்தான் நம்முடைய ஹிக்கி 1787-ல் வரைந்தார் என்று கருதுகிறார்கள். தரையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், நகையும் துணியும் அவ்வளவு நுணுக்கம். அது இப்போது டப்ளினில் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

கல்கத்தாவில் ஏழு வருஷம். அங்கே ஓவிய, சிற்ப வரலாறு பற்றி ஒரு புத்தகம்கூட அச்சிட்டார். திரும்பிப் போய், 1792-ல் மக்கார்ட்னி பிரபு சீனப் பேரரசரைப் பார்க்கத் தூது போனபோது உருவப்பட ஓவியராகக் கூடப் போனார். அங்கே வரைந்ததாகக் கையில் கிடைப்பது மிகக் கொஞ்சம், அந்தப் பயணத்தை நமக்குக் காட்டுவது கூடப்போன வில்லியம் அலெக்சாண்டரின் படங்கள்தான். அதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயசு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த வயசில் எங்கள் அப்பா கண்ணாடி பவர் ஏறிவிட்டது என்று சின்னப் படங்களை வாங்குவதையே நிறுத்திவிட்டார், இவர் கடல் தாண்டிப் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். வந்த நேரம் அப்படி. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அந்த வெற்றியை ஏழு பெரிய ஓவியங்களாக வரைய வேண்டும் என்று ஹிக்கி திட்டம் போட்டார். அதற்காகப் போரில் இருந்த அதிகாரிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கரியிலும் சாக் கட்டியிலும் முகம் எழுதினார். ஐம்பதுக்கும் மேலே எழுதினார். பெரிய ஓவியங்கள் நினைத்தபடி நடக்கவில்லை, ஆனால் அந்த முகங்கள் மிஞ்சின. இன்றைக்கு அவை இங்கிலாந்தில் வெலிங்டன் பிரபு குடும்பத்து மாளிகையான ஸ்ட்ராட்ஃபீல்ட் சேயில் இருக்கின்றன.

அந்த முகங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பைப் பற்றிக் கவலையே படவில்லை, கோட்டுக்கு நாலு கோடு, காலருக்கு ரெண்டு கோடு, அவ்வளவுதான். மெனக்கெட்டதெல்லாம் முகத்தில். எண்ணெய்ச் சாயம் காய நாள் பிடிக்கும், உட்காருகிறவருக்கும் பொறுமை வேண்டும், ஆனால் சாக் கட்டி அப்படி இல்லை, கையும் கண்ணும் ஒத்துழைத்தால் ஒரே அமர்வில் ஜாடை விழுந்துவிடும். விழவில்லை என்றால் துணியால் தட்டிவிட்டு மறுபடி போடலாம். இந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதே சமயத்தில் அவர் திப்புவின் மகன்களையும் வரைந்தார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அப்பா கொல்லப்பட்டு, அரண்மனை கொள்ளை போய், வேலூர்க் கோட்டையில் காவலில் இருக்கப் போகிற பிள்ளைகள், வென்றவர்களின் ஓவியன் முன்னால் ஆடை அணிகலனோடு உட்காருகிறார்கள். எங்கே பாருங்கள், எப்படித் திரும்புங்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஹிக்கி நல்லவரா கெட்டவரா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, கம்பெனியின் வெற்றியைப் பாட வந்தவர்தான் அவர், அதில் சந்தேகமே இல்லை. ஏழே வருஷத்தில், 1806 ஜூலை 10-ல், அந்த வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள், அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கே அனுப்பிவிட்டார்கள். வேலூர்க் கிளர்ச்சியைப் பற்றி நாம் வருஷாவருஷம் எழுதுகிறோம், பேசுகிறோம். அந்தப் பிள்ளைகளின் முகத்தை அறிய நமக்குத் துணையாக இருப்பவை இந்த மாதிரிப் படங்கள்தான்.

மைசூரில் திவான் பூர்ணையாவையும் அவர் வரைந்தார். ஹைதரிடமும் திப்புவிடமும் வேலை பார்த்து, பிறகு கம்பெனி அமர்த்திய சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கும் திவானாக இருந்தவர். அப்புறம் 1805 வாக்கில் மைசூர் அரண்மனைப் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்து வரைந்த ஒரு படம், அதையும் ஹிக்கி கை என்றுதான் சொல்கிறார்கள். அதில் வலது பக்கம் இருக்கும் பெண் புடவையைக் கொஞ்சம் விலக்கி மேல்கையைக் காட்டுகிறார். ரொம்ப நாள் இது யார் படம், ஏன் இப்படி நிற்கிறார் என்று தெரியாமல் இருந்தது. நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாசிரியர், இது அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்தைக் காட்டுவது என்கிறார். இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பூசி பம்பாயில் 1802-ல்தான் போடப்பட்டது. அம்மை வந்தால் வீடே காலியாகிற காலம், மாட்டம்மைப் பாலை உடம்பில் ஏற்றுவதா என்று ஜனங்கள் பயந்த காலம். அரண்மனை ராணியே போட்டுக்கொண்டார் என்று ஊருக்குக் காட்டவே இந்தப் படம் என்பது அவர் கருத்து. இடது பக்கப் பெண்ணின் வாயைச் சுற்றித் தோல் நிறம் மாறியிருப்பதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார், பழைய முறையில் அம்மைப் பொருக்கை மூக்கால் உறிஞ்ச வைத்தவர்களுக்கு அப்படி ஆகுமாம். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், முகம் அழகாக வர வேண்டும் என்று அந்த நிறமாற்றத்தைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார் பாருங்கள், அதுதான். எங்களிடம் வருகிறவர்கள் மறுவை எடுத்துவிடுங்கள், தழும்பை எடுத்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்பா எடுக்கமாட்டார். அதை எடுத்தால் அவர் போய்விடுவார் என்பார்.

இனி 1816 படம். அப்போது ஹிக்கிக்கு வயசு எழுபத்தைந்து. அதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். எழுபத்தைந்து வயசுக் கை நான்கு முகத்தைத் தனித்தனியாக, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் எழுதியிருக்கிறது.

காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர், 1783-ல் சென்னைக்கு வந்தவர், மைசூர் நாட்டை அளந்தவர், 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். அடுத்த இரண்டு வருஷத்தில் கல்கத்தாவுக்குப் போய்விட்டார், 1821-ல் அங்கேயே இறந்தார். ஆக, சென்னையை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்னால், தான் யாரோடு வேலை பார்த்தோம் என்று காட்டி வரைந்துகொண்ட படம் இது. பின்னணியில் தூரத்துக் குன்றின் மேல் கார்க்கள கோமடேசுவரர் சிலை. 1432-ல் நிறுவியது, 42 அடி உயரம், கர்நாடகத்தில் இன்றைய உடுப்பி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து வரைந்த படத்தில் கார்க்களம் எப்படி வந்தது என்றால், எங்கள் ஸ்டுடியோக்களில் தாஜ்மகால் திரையைத் தொங்கவிட்டு முன்னால் ஆளை நிறுத்துவோமே, அது மாதிரிதான். ஆனால் இங்கே திரை சும்மா அழகுக்கு இல்லை. மைசூர் அளவையின்போது அந்தச் சமணத் தலங்களைப் பற்றி எழுதிச் சேர்த்தார்கள், பழைய கன்னடக் கல்வெட்டைப் படித்துச் சொல்லத் தர்மையா வேண்டியிருந்தது. அந்த ஆள் படத்தில் ஓலையோடு நிற்கிறார், அவர் வணங்கும் பெருமான் பின்னால் குன்றின் மேல் நிற்கிறார். இதை இணைத்து யோசித்தது மெக்கன்சியா ஹிக்கியா என்று நான் பலநாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து ஐரோப்பியர் உருவப்படங்களில் நம் ஆட்கள் வருவது புதிதில்லை. ஹூக்கா பிடிக்கிறவர், குடை பிடிக்கிறவர், குதிரையைப் பிடிக்கிறவர், குழந்தையை வைத்திருக்கும் ஆயா. பெரும்பாலும் ஓரத்தில், பாதி நிழலில், பெயர் தெரியாமல். இந்தப் படத்திலும் நடுவில் சிவப்பாக, முதலில் கண்ணில் படுகிறவர் மெக்கன்சிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தர்மையாவும் கிஸ்ணாஜியும் கையில் இருக்கும் பொருளால் தங்கள் வேலையைச் சொல்கிறார்கள், லட்சுமையாவையும் சேர்த்து மூன்று பேரும் யார் என்று நமக்குப் பெயரோடு தெரியும். ஒரு பியூனின் முகமும் பெயரும் இருநூறு வருஷம் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சென்னைக் கச்சேரிகளில் அந்தக் காலத்தில் ஓடியாடி வேலை பார்த்த எத்தனை ஆயிரம் பேரில் இப்படி ஒருவர் கிடைப்பார்?

போரையாவைப் படத்தில் போட்டு எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏன் அந்தத் தப்பு வருகிறது என்றும் புரிகிறது. ஏலூரைச் சேர்ந்த காவலி சகோதரர்களில் மெக்கன்சிக்கு முதலில் கிடைத்தவர் அவர்தான். இந்த நாட்டு அறிவின் வாசல் தனக்குத் திறந்தது போரையாவால்தான் என்று மெக்கன்சியே பிற்பாடு நன்றியோடு எழுதியிருக்கிறார். அண்ணன் போனபிறகு அந்த இடத்தை எடுத்துக்கொண்டவர் லட்சுமையா. ஊர் ஊராக ஆட்களை அனுப்பி, அவர்கள் எழுதுகிற அறிக்கைகளை வாங்கிப் படித்து, மொழிபெயர்த்து, மெக்கன்சி ஊரில் இல்லாதபோதும் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டவர். உங்கள் கட்டுரையில் 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள் என்று கணக்குப் போட்டிருந்தீர்களே, வில்சன் என்ற சம்ஸ்கிருத அறிஞர் 1828-ல் அட்டவணை போட்டபோது எடுத்த கணக்கு அது, அதில் எவ்வளவு லட்சுமையா கை வழியாக வந்தது என்று நினைத்துப் பாருங்கள். மெக்கன்சி இறந்ததும் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து எல்லாவற்றையும் அவர் மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டது. இந்த வேலையை நானே தொடர்ந்து செய்கிறேன், அனுமதி கொடுங்கள் என்று லட்சுமையா கேட்டார். 1830-களில் கல்கத்தா ஆசியக் கழகம் வரைக்கும் விஷயம் போனது. இவ்வளவு பெரிய வேலையை மேலிருந்து நடத்த ஒரு ஐரோப்பியத் தலை வேண்டும் என்ற நினைப்பில் மறுத்துவிட்டார்கள்.

இருபது இருபத்தைந்து வருஷம் அந்த வேலையைச் செய்து முடித்த மனிதரிடம், உனக்கு அது வராது என்று சொல்லி அனுப்பினார்கள். அவருடைய முகத்துக்குக் கீழே இன்னொருவர் பெயரை நாமும் போடுவது சரியில்லை ஐயா.

ஹிக்கி அந்தப் படத்துக்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். எண்பத்துமூன்று வயசில் இங்கேயே இறந்தார். அவரைப் போல வந்தவர்களில் ஜார்ஜ் சின்னெரிக்குத்தான் பேர் அதிகம். 1802-ல் சென்னைக்கு வந்து ஐந்து வருஷம் இருந்து, ஹைதராபாத் ரெசிடெண்ட் கிர்க்பாட்ரிக்கின் இரண்டு குழந்தைகளையும் இங்கேதான் 1805-ல் வரைந்தார், அது அற்புதமான படம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் சின்னெரி இங்கே இருந்தது கொஞ்ச காலம், பிறகு கல்கத்தா, அப்புறம் மக்காவ் என்று போய்விட்டார். தன் கடைசி வருஷங்களை இந்த ஊரில் கழித்து முடித்தவர் ஹிக்கி. அப்படியிருந்தும் அவர் வரைந்தவற்றில் பலவற்றைப் பார்க்க லண்டனுக்கும் டப்ளினுக்கும் கல்கத்தாவுக்கும் போக வேண்டியிருக்கிறது. மெக்கன்சி படம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அப்பா என்னை வருஷத்துக்கு ஒரு முறையாவது கூட்டிப் போவார். மாடியில் ராஜா ராணிகள், கவர்னர்கள், தளபதிகள் படங்கள் வரிசையாக இருக்கும், ஆளுயரத்துக்கு மேலே. அந்தக் கட்டடம் 1795-ல் வியாபாரிகள் கூடுகிற எக்ஸ்சேஞ்ச் மண்டபமாகக் கட்டியது, ஒரு காலத்தில் அதன் கூரை மேல்தான் ஊருக்கே கலங்கரை விளக்கம் எரிந்தது. அப்பா படங்களுக்கு நேராக நிற்கமாட்டார், பக்கவாட்டில் போய் நின்று, ஜன்னல் வெளிச்சம் கேன்வாஸில் சறுக்கி வரும்போது சாயம் எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்று காட்டுவார். துணிக்கும் பதக்கத்துக்கும் தடிமனாக வைத்திருப்பார்கள், முகத்தில் மெல்லிசாக அடுக்கடுக்காக ஏற்றியிருப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் போனால் சில படங்களின் கண்ணாடியில் ஈரம் ஏறியிருக்குமோ என்று அவருக்குக் கவலை வந்துவிடும், கடல் காற்று கேன்வாஸை என்ன பண்ணும் என்று எங்கள் கடையிலேயே பார்த்தவர் அவர். அவ்வளவு படங்களில் ஒன்றில்கூட இந்த மாதிரி நான்கு பேர் சேர்ந்து நிற்பதை நான் பார்த்ததில்லை. மெக்கன்சி படத்தை முதல் முதலில் ஒரு புத்தகத்தில் அச்சாகப் பார்த்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் தர்மையா முகத்தைக் காட்டியிருப்பேன்.

இப்போது என் வேண்டுகோள். மெக்கன்சி சேகரித்த தென்னாட்டு மொழிச் சுவடிகள் 1869-ல் தொடங்கிய நம் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன, பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்கு வந்திருக்கும் நூலகம் அது. அங்கே அந்த ஓவியத்தின் நல்ல பிரதி ஒன்றைப் பெரிதாகப் போட்டு, நான்கு பேர் பெயரையும் ஹிக்கி பெயரையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள். அசல் வராது, தெரியும். ஆனால் இன்றைக்கு இருக்கிற அச்சு வசதிக்கு ஆளுயரத்தில் போடுவது பெரிய செலவே இல்லை. ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் ஓலையைக் கையில் எடுக்கும்போது, அதே மாதிரி ஓலையை வைத்திருக்கும் தர்மையா சுவரிலிருந்து பார்க்கட்டும்.

அதற்கு முன்னால் உங்கள் பத்திரிகையில் திருத்தம் ஒன்று வரவேண்டும். அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே படத்தை முழுசாக மறுபடி போடுங்கள். இடம் இல்லை என்றால் கட்டுரையைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், என் கடிதத்தையும் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. படத்தின் ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், தர்மையா கையில் இருக்கும் ஓலையும் கிஸ்ணாஜி கையில் இருக்கும் தொலைநோக்கியும் முழுசாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி, சென்னை